கணினிக் கேள்வி–பதில்: எந்த இயங்குதளம் யாருக்கு?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்றில் எது சிறந்தது என்று பலரும் கேட்டிருக்கிறீர்கள். யாருக்கு, எந்த வேலைக்கு என்பது தெரியாமல் இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல முடியாது. எனவே தம் வேலையையும் கணினியையும் விவரித்து எழுதியவர்களின் கடிதங்களையே இங்கே எடுத்துக்கொள்கிறேன். பெயர்களை விடுத்து ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, 2017-இல் வாங்கிய மேசைக்கணினி என்னிடம் இருக்கிறது. ஏழாம் தலைமுறை இன்டெல் ஐ5, 8 ஜிபி ராம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்துவிட்டதாகத் திரையில் அறிவிப்பு வருகிறது. விண்டோஸ் 11-க்கு இந்தக் கணினி தகுதி பெறவில்லை என்றும் வருகிறது. புதிதாக வாங்குங்கள் என்கிறார் கடைக்காரர்; லினக்ஸ் போட்டுக்கொள்ளலாம் என்கிறார் மருமகன். கணினியில் ஒரு குறையும் இல்லை. என்ன செய்வது?
— ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பொள்ளாச்சி

பதில்: நன்றாக ஓடும் கணினியைத் தூக்கிப் போட வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2025 அக்டோபர் 14 அன்று முடிவுக்கு வந்தது விண்டோஸ் 10-க்கு இலவசமாகக் கிடைத்துவந்த பாதுகாப்புத் திருத்தங்கள்தாம். கணினி நேற்றுபோலவே இன்றும் இயங்கும். ஆனால் இனிக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைக்கப்படாமலே கிடக்கும் என்பதால், வங்கிக் கணக்கையும் மின்னஞ்சலையும் அதில் திறக்கும் ஒருவர் அப்படியே விட்டுவிடுவது நல்லதல்ல.

விண்டோஸ் 11 உங்கள் கணினியை ஏற்காததற்குக் காரணம் வேகக் குறைவு அன்று. டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், தொடங்கும்போதே நிரலைச் சரிபார்க்கும் செக்யூர் பூட் வசதியும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸரும் வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் 2021-இல் கோடு கிழித்தது. ஏழாம் தலைமுறையில் மிகச் சில மாதிரிகளுக்கு மட்டுமே விலக்கு உண்டு. இந்தச் சோதனையைத் தாண்டிக் குறுக்கு வழியில் விண்டோஸ் 11-ஐ நிறுவித் தருகிறோம் என்று சில கடைகளில் சொல்வார்கள். நிறுவ முடியும் என்பது உண்மையே. ஆனால் அப்படி நிறுவிய கணினிக்குப் புதுப்பிப்புகள் வரும் என்பதற்கு மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. பாதுகாப்புத் திருத்தங்களுக்காகத்தானே மாறுகிறோம். அதற்கே உறுதியில்லாத வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உடனடியாகச் செய்ய வேண்டியது, நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் சேர்வது. விண்டோஸ் 10-இன் 22எச்2 பதிப்பில் இருப்பவர்கள், அமைப்புகளில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தைத் திறந்தால் சேர்வதற்கான இணைப்பைக் காணலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, அமைப்புகளை அந்தக் கணக்கில் சேமிக்க ஒப்புக்கொண்டால் கட்டணம் கிடையாது. இதனால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். அவசரமின்றி முடிவெடுக்க இந்த அவகாசம் போதும்.

அதன்பின் மருமகன் சொல்வதைக் கேளுங்கள் என்பதே என் கருத்து. லினக்சில் பல பதிப்புகள் உண்டு. உங்கள் கணினிக்கு அவற்றுள் லினக்ஸ் மின்ட் பொருத்தமாக இருக்கும். அதற்குக் குறைந்த அளவாக 2 ஜிபி ராமும், வசதியாக இயங்க 4 ஜிபியும் போதும் என்கிறார்கள் அதை உருவாக்குவோர். உங்களிடம் 8 ஜிபி இருக்கிறது. இடது மூலையில் பட்டி, கீழே பணிப்பட்டை, வலது மூலையில் கடிகாரம் என்று அதன் தோற்றம் விண்டோசை ஒத்திருப்பதால் கைக்குப் பழக அதிக நாள் ஆகாது. இப்போதைய 22-ஆம் வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு. உலாவி, மின்னஞ்சல், காணொளி, ஆவணங்கள் எழுத லிப்ரெஆஃபீஸ் ஆகியவை நிறுவிய உடனேயே கிடைக்கும். இயங்குதளத்தை மாற்றும்போதே, கணினியில் பழைய சுழல் வன்தட்டு இருந்தால் அதை எடுத்துவிட்டு, சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்தச் சொல்லுங்கள். 2017-இன் கணினிகள் மெதுவாகத் தோன்றுவதற்குப் பெரும்பாலும் அந்தச் சுழல் தட்டுதான் காரணம். எந்த இயங்குதளத்தைப் போட்டாலும் அதை மாற்றினால் தெரியும் வேறுபாடு வேறு எதனாலும் தெரியாது.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே பாருங்கள்: உங்கள் அச்சுப்பொறி எது? எச்பி நிறுவனத்தின் பெரும்பாலான அச்சுப்பொறிகளுக்கு அந்நிறுவனமே லினக்சுக்கான மென்பொருளை வெளியிட்டிருப்பதால், கம்பியைச் செருகியதும் அவை இயங்கத் தொடங்கும். ஆனால் ஜெராக்ஸ் கடைகளிலும் பள்ளி அலுவலகங்களிலும் நாம் அடிக்கடி காணும் கேனான் எல்பிபி 2900 அப்படிப்பட்டதன்று. அது கேப்ட் என்னும் தனி மொழியில்தான் கணினியிடம் பேசும். விண்டோசில் அதற்கு இயக்கி (டிரைவர்) எளிதாகக் கிடைக்கிறது. லினக்சிலோ பழைய இயக்கியைத் தேடி நிறுவி, கட்டளைகள் தட்டி, நாள் முழுவதும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். வினாத்தாள் அச்சிடுவதுதான் உங்கள் முதன்மையான வேலை, வீட்டில் இருப்பதும் இந்த அச்சுப்பொறிதான் என்றால், என் பரிந்துரை மாறிவிடும்: நீட்டித்த காலம் முடியும்வரை விண்டோஸ் 10-இலேயே இருங்கள்.

கேள்வி: மகள் விஷுவல் கம்யூனிகேஷன் சேர்ந்திருக்கிறாள். மேக் வாங்கித் தரச் சொல்கிறாள். அத்தனை விலை கொடுப்பதில் பொருள் இருக்கிறதா? பழைய மேக் வாங்கினால் போதுமா?
— ஒரு தாய், திருச்சி

பதில்: அந்தப் படிப்புக்கு மேக் வீண் செலவு அல்ல, ஆனால் கட்டாயமும் அல்ல. போட்டோஷாப், பிரீமியர், இல்லஸ்ட்ரேட்டர் ஆகிய அடோபி மென்பொருள்கள் விண்டோஸ், மேக் இரண்டிலும் ஒரே மாதிரி கிடைக்கின்றன. காணொளி தொகுக்கும் ஃபைனல் கட் ப்ரோ, கணினிகளில் மேக்கில் மட்டுமே உண்டு. கல்லூரி ஆய்வகத்தில் எதைக் கற்பிக்கிறார்கள் என்று மகளிடம் கேளுங்கள். ஃபைனல் கட் என்றால் கேள்வி அங்கேயே முடிந்துவிடுகிறது.

மேக்கின் உண்மையான பலம் வன்பொருளும் இயங்குதளமும் ஒரே நிறுவனத்தின் கையில் இருப்பது. 2020 நவம்பரில் வெளிவந்த எம்1 சில்லுக்குப் பிறகு ஆப்பிள் மடிக்கணினிகள் குறைந்த மின்சாரத்தில் நெடுநேரம் இயங்குகின்றன. மின்கம்பியைக் கழற்றியதும் வேகம் சுருங்குவதில்லை. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வெளியே படம் பிடிக்கச் செல்லும் மாணவிக்கு இது பெரிய உதவி. குறை என்னவென்றால், ராம் சில்லோடு சேர்ந்தே வருவதால் பின்னாளில் ஒரு ஜிபிகூட ஏற்ற முடியாது. வாங்கும் நாளில் எடுக்கும் முடிவே கடைசிவரை. ஆகவே 16 ஜிபிக்குக் குறைவானதை வாங்காதீர்கள். வீட்டில் வைத்தே வேலை செய்வாள் என்றால் மேக் மினியைப் பாருங்கள். எம்4 சில்லும் 16 ஜிபி ராமும் கொண்ட அது 2024-இல் இந்தியாவில் அறிமுகமானபோது தொடக்க விலை 59,900 ரூபாய். திரையும் விசைப்பலகையும் மவுசும் தனி.

பழைய மேக் விஷயத்தில் கவனம் தேவை. இன்டெல் பிராசஸர் கொண்ட மேக்குகள் இப்போது மலிவாகக் கிடைக்கின்றன. 2025-இல் வந்த டஹோ பதிப்பே இன்டெல் மேக்குகளுக்கான கடைசி மேக் ஓஎஸ் என்று ஆப்பிள் அறிவித்துவிட்டது. டஹோவும் எல்லா இன்டெல் மேக்குகளிலும் நிறுவ முடிவதன்று. நான்கு ஆண்டுப் படிப்பு என்றால் அது தாங்காது. பழையதுதான் என்றால் எம்1 அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்கட்டும்.

இதே கேள்வியைப் பொறியியல் மாணவரின் பெற்றோர் கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன். இயந்திரவியலில் பயன்படும் சாலிட்வொர்க்ஸ் விண்டோசுக்கு மட்டுமே உரியது. கணினி அறிவியல் மாணவருக்கு மூன்றும் ஒத்துவரும், லினக்ஸ் தெரிந்திருப்பது வேலைக்குப் போகும்போது கூடுதலாக உதவும்.

கேள்வி: இருபது ஆண்டுகளாக டிடிபி வேலை செய்கிறேன். பேஜ்மேக்கரும் பாமினி எழுத்துருவும்தான் கைக்குப் பழக்கம். இப்போது ஆசிரியர்கள் யூனிகோடில் தட்டச்சு செய்து வேர்டு கோப்பாக அனுப்புகிறார்கள். என் மகனோ தமிழ்99 கற்றிருக்கிறான். மூன்று இயங்குதளங்களில் தமிழுக்கு எது நன்றாக இடம் கொடுக்கிறது?
— அச்சகத் தொழிலர், சிவகாசி

பதில்: இந்தக் கேள்விக்காகவே இந்தப் பகுதியை எழுதலாம் என்று தோன்றியது, சற்று விரிவாகவே சொல்கிறேன்.

இன்றைய நிலையில் மூன்றுமே, உலகப் பொது எழுத்துக் குறியீடான யூனிகோடில் அமைந்த தமிழைச் சரியாகக் காட்டும், சரியாகத் தட்டச்சு செய்ய விடும். வேறுபாடு, வசதி எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதில்தான். மேக்கில் அமைப்புகளைத் திறந்து விசைப்பலகை மூலங்களில் தமிழைச் சேர்த்தால், தமிழ்99, ஆங்கில எழுத்துகளால் ஒலிப்படி தட்டும் அஞ்சல் ஆகிய விசைப்பலகைகள் இரண்டும் அங்கேயே இருக்கும். அஞ்சலையும் மேக்கோடு வரும் இணைமதி எழுத்துருவையும் உருவாக்கியவர் மலேசியாவின் முத்து நெடுமாறன். பல ஆண்டுகளாகவே தனியாக எதையும் தரவிறக்காமல் மேக்கில் தமிழ் எழுத முடிவதற்கு அவருடைய உழைப்பே காரணம். விண்டோசில் நெடுங்காலம் இன்ஸ்கிரிப்ட் என்னும் விசைப்பலகை அமைப்பு மட்டுமே உள்ளிணைப்பாக இருந்தது. அதனால்தான் இ-கலப்பை, அழகி, என்எச்எம் ரைட்டர் போன்ற தட்டச்சு மென்பொருள்கள் நம் ஊர்க் கணினிகளில் அத்தனை பரவின. விண்டோஸ் 10-இன் பிந்தைய பதிப்புகளிலும் விண்டோஸ் 11-இலும் தமிழ்99, அஞ்சல் இரண்டும் உள்ளேயே கிடைக்கின்றன. லினக்சிலோ ஐபஸ் என்னும் உள்ளீட்டு அமைப்பும் எம்17என் என்னும் தொகுப்பும் சேர்ந்து தமிழ்99, ஒலியியல், தட்டச்சு, இலங்கையின் ரெங்கநாதன் என்று மற்ற இரண்டையும்விட அதிகமான விசைப்பலகைகளைத் தருகின்றன. ஆனால் அவற்றை நாமே நிறுவி இயக்க வேண்டும்.

லினக்சுக்கு வரும் தமிழ்99 பயனர்கள் பலர் இடறும் ஓர் இடத்தை இங்கே சொல்ல வேண்டும். தமிழ்99-இன் அழகே புள்ளியைத் தானே இடுவதில்தான் இருக்கிறது. க, க என்று இருமுறை அழுத்தினால் முதல் க புள்ளி பெற்று ‘க்க’ ஆகிவிடும். ‘பந்து’ என்று எழுத ப, ந, த, உ என நான்கு விசைகள் போதும். நகரத்தை அடுத்துத் தகரம் வந்ததும் புள்ளி தானே விழும். லினக்சின் விசைப்பலகைப் பட்டியலில் ‘தமிழ்நெட் 99’ என்று ஒன்று நேரடியாகவே தென்படும். அதைத் தேர்ந்தெடுத்தவர்கள் புள்ளி விழாததைக் கண்டு, லினக்சில் தமிழ்99 சரியில்லை என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அந்தப் பட்டியலில் இருப்பது ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்ற அளவில் இயங்கும் எளிய அமைப்பு. முன் எழுத்தைப் பார்த்து முடிவெடுக்கும் திறன் அதற்கு இல்லை. ஐபஸ் வழியாக எம்17என் தமிழ்99-ஐச் சேர்த்தால் விதிகள் ஒழுங்காக இயங்கும். உங்கள் மகனிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது எழுத்துரு. விண்டோசில் லதாவும் நிர்மலாவும், மேக்கில் இணைமதியும் தமிழ் சங்கமும், லினக்சில் பெரும்பாலும் நோட்டோ தமிழ் அல்லது லோஹித் தமிழும் வருகின்றன. ஒவ்வொன்றின் அகலமும் வேறு என்பதால், ஆசிரியர் மேக்கில் நாற்பது பக்கமாக அனுப்பிய கோப்பு உங்கள் கணினியில் வேறு பக்க எண்ணிக்கையில் திறக்கும். மூன்று தளங்களிலும் ஒரே எழுத்துருவை நிறுவிக்கொள்வதே இதற்குத் தீர்வு. நோட்டோ சான்ஸ், நோட்டோ செரிஃப் இரண்டின் தமிழ் வடிவங்களும் இலவசம். வணிக அச்சுக்கும் தடையில்லை.

இனி உங்கள் உண்மையான இக்கட்டுக்கு வருகிறேன். அது இயங்குதளத்தால் வந்ததன்று. பாமினி போன்ற எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்கள் அமர்ந்திருக்கின்றன. எழுத்துருவை நீக்கினால் கோப்பில் எஞ்சுவது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். இருபது ஆண்டுகளாக நீங்கள் கோத்த நூல்கள் அந்த நிலையில்தான் உங்கள் வன்தட்டில் இருக்கின்றன என்பதை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. பேஜ்மேக்கர் யூனிகோடுத் தமிழை அறியாது. அதன் கடைசிப் பெரும்பதிப்பு வந்தது 2001-இல். தமிழ்நாடு அரசோ 2010-இலேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுவிட்டது. ஆகவே மாற வேண்டியது முதலில் மென்பொருள். பக்கம் கோக்க அடோபியின் இன்டிசைன் பழகலாம், ஆனால் பத்தி அமைப்பில் எழுத்துகளைக் கோக்கும் ‘வேர்ல்டு ரெடி’ கம்போசரைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்புகள் இடம் மாறி விழுந்து, ‘கொ’ என்பது உடைந்து நிற்கும். இன்டிசைன் விண்டோசிலும் மேக்கிலும் மட்டுமே உண்டு. காசு செலவழிக்காமல் தொடங்க விரும்பினால் ஸ்கிரிபஸ் 1.6 மூன்று தளங்களிலும் கிடைக்கிறது, தமிழ் எழுத்துகளையும் உரிய முறையில் கோக்கிறது. பழைய வேலைகளுக்காக இப்போதைய விண்டோஸ் கணினியை அப்படியே வைத்துக்கொண்டு, அதை இணையத்திலிருந்து துண்டித்துவிடுங்கள். பாமினிக் கோப்புகளை எழுத்துரு மாற்றி கொண்டு ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்றிச் சேமித்துவாருங்கள். மாற்றியபின் மெய்ப்பு பார்த்தே ஆக வேண்டும். குறிப்பாக மேற்கோள் குறிகளும் எண்களும் ஆங்கிலச் சொற்களும் சிதைந்திருக்கும்.

கேள்வி: மேக்குக்கும் லினக்சுக்கும் வைரஸ் வராது என்கிறார்களே, உண்மையா?
— கல்லூரி மாணவர், நாகர்கோவில்

பதில்: வராது என்பது உண்மையன்று. விண்டோசைக் குறிவைத்து எழுதப்படும் தீநிரல்கள் மிக அதிகம், ஏனெனில் மேசைக்கணினிகளில் பெரும்பான்மை அதுதான். லினக்சில் மென்பொருள்களைப் பெரும்பாலும் அந்தந்தப் பதிப்பின் களஞ்சியத்திலிருந்தே நிறுவுகிறோம், கண்ட தளங்களிலிருந்து தரவிறக்குவதில்லை. இந்தப் பழக்கமே பாதிப் பாதுகாப்பு. மேக் தனக்குத் தெரியாத உருவாக்குநரின் செயலியைத் திறக்கும்போது தடுத்து எச்சரிக்கிறது. விண்டோசிலும் டிஃபெண்டர் என்னும் ஆண்டிவைரஸ் உள்ளேயே இருப்பதால், வீட்டுப் பயன்பாட்டுக்குத் தனியாக ஆண்டிவைரஸ் வாங்க வேண்டிய கட்டாயம் இப்போது இல்லை.

ஆனால் இரண்டு நிகழ்வுகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 2017 மே மாதத்தில், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்னும் தீநிரல் உலகெங்கும் விண்டோஸ் கணினிகளை முடக்கியபோது, அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. பெரும்பாலும் சிக்கியவர்கள் அதை நிறுவாமல் இருந்தவர்கள். 2024 மார்ச்சில் லினக்ஸ் உலகமே பெரிதும் சார்ந்திருக்கும் எக்ஸ்இசட் என்னும் சுருக்கக் கருவிக்குள் ஒருவர் திட்டமிட்டுக் கள்ளக் கதவு வைத்திருந்தது வெளிப்பட்டது. மைக்ரோசாஃப்டில் பணியாற்றும் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட், தொலை நுழைவுக்கு வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்து, காரணத்தைத் தோண்டிக் கண்டுபிடித்தார். அவர் அந்தச் சிறு தாமதத்தைப் பொருட்படுத்தாமல் விட்டிருந்தால், அந்தக் கள்ளக் கதவு எண்ணற்ற சர்வர்களுக்குள் போய்ச் சேர்ந்திருக்கும். நிரல் எல்லோர் கண்ணுக்கும் திறந்திருந்ததால் அவரால் தோண்ட முடிந்தது. திறந்திருந்தும் அந்தக் கதவு உள்ளே வந்துவிட்டது. இரண்டும் உண்மை.

நம் ஊரில் நான் அதிகம் அஞ்சுவது வேறொன்றை. கணினி வாங்கும்போதே உரிமம் இல்லாத விண்டோசைப் போட்டு, அதை உயிர்ப்பிக்க ஏதோ ஒரு கருவியை ஓட்டிக் கொடுப்பது பல கடைகளில் வழக்கமாகிவிட்டது. அந்தக் கருவி ஓடுவதற்காக டிஃபெண்டரை அணைத்தும் விடுகிறார்கள். காவலைக் கலைத்துவிட்டு, யார் எழுதியது என்றே தெரியாத நிரலுக்கு முழு அதிகாரம் கொடுத்த கணினி அது. அதில் கடவுச்சொற்களைத் தட்டாதீர்கள். உரிமத்துக்குப் பணம் இல்லை என்றால் லினக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். எந்தத் திருட்டும் இல்லாமல் முழு இயங்குதளம் கிடைக்கிறது.

கேள்வி: பின்னலாடைக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். முதலாளி செலவைக் குறைக்க எல்லாக் கணினிகளையும் லினக்சுக்கு மாற்றலாமா என்று கேட்கிறார். டாலி ஓடுமா?
— கணக்கர், திருப்பூர்

பதில்: டாலி பிரைம் விண்டோசுக்காக எழுதப்பட்டது. விண்டோஸ் மென்பொருளை லினக்சில் இயக்க உதவும் வைன் என்னும் கருவி வழியாக ஓட்டிப் பார்ப்பவர்கள் உண்டு, ஆனால் மாதக் கடைசியில் ஜிஎஸ்டி கணக்கு முடிக்கும் கணினியில் அந்தச் சோதனை வேண்டாம். டிஜிட்டல் கையொப்ப டோக்கனும் அவ்வாறே. அதன் இயக்கி, அரசுத் தளங்கள் கேட்கும் துணை மென்பொருள் எல்லாம் ஏற்கெனவே விண்டோசில் ஒழுங்காக இருந்தால் அதைக் கலைக்காதீர்கள். கணக்குப் பிரிவின் கணினிகளை விண்டோசிலேயே விட்டுவிட்டு, உலாவியும் மின்னஞ்சலும் மட்டும் பயன்படும் வரவேற்பு, கிடங்கு, அனுப்புகைப் பிரிவுக் கணினிகளை லினக்சுக்கு மாற்றலாம் என்று முதலாளியிடம் சொல்லுங்கள். கேரள அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாக லினக்சில் இயங்கிவருகின்றன. பெரிய அளவில் மாற்றுவது முடியாத செயலன்று. ஆனால் அங்கே பாடத்துக்குத் தேவையான மென்பொருளும் ஆசிரியர்களுக்கான பயிற்சியும் சேர்ந்தே வந்தன.

கேள்வி: புதிதாக மேக்புக் வாங்கினேன். என் வெளி ஹார்ட் டிஸ்கைச் செருகினால் கோப்புகள் எல்லாம் திறக்கின்றன. ஆனால் ஒன்றைக்கூட அதில் சேமிக்க முடியவில்லை. டிஸ்க் பழுதா?
— யாழ்ப்பாணம்

பதில்: டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது. அது விண்டோசின் என்டிஎஃப்எஸ் வடிவில் இருக்கிறது. மேக் அந்த வடிவைப் படிக்கும், எழுதாது. லினக்ஸ் படிக்கவும் எழுதவும் செய்யும். மறுபுறம், மேக்கின் ஏபிஎஃப்எஸ் வடிவையும் லினக்சின் எக்ஸ்ட்4 வடிவையும் விண்டோஸ் தானாகத் திறப்பதில்லை.

உள்ளிருப்பவற்றை வேறிடத்தில் படியெடுத்து, படி சரியாகத் திறக்கிறதா என்று பார்த்தபின், டிஸ்கை எக்ஸ்ஃபேட் வடிவில் ஃபார்மட் செய்துகொள்ளுங்கள். மூன்று தளங்களும் அதைப் படிக்கும், எழுதும். பழைய ஃபேட்32-ஐப் போல ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது என்ற தடையும் இல்லை. எக்ஸ்ஃபேட்டுக்கு ஒரு குறை உண்டு: எழுதிக்கொண்டிருக்கும்போது கம்பியைப் பிடுங்கினால் கோப்புகள் கெடும் வாய்ப்பு என்டிஎஃப்எஸ், ஏபிஎஃப்எஸ், எக்ஸ்ட்4 ஆகியவற்றைவிட அதிகம். ஒவ்வொரு முறையும் ‘எஜெக்ட்’ கொடுத்துவிட்டுக் கழற்றுங்கள். கோப்பின் பெயரில் முக்காற்புள்ளி, கேள்விக்குறி ஆகியவற்றையும் தவிர்த்துவிடுங்கள். லினக்ஸ் தன் எக்ஸ்ட்4 வடிவில் அவற்றை ஏற்கும், விண்டோஸ் ஏற்காது.

கேள்வி: முக்கியமான வேலை நடுவில் விண்டோஸ் புதுப்பிப்பு வந்து கணினி தானே மறுதொடக்கம் ஆகிறது. மற்றவற்றிலும் இப்படித்தானா?
— சென்னை

பதில்: லினக்ஸ் மின்டில் புதுப்பிப்பு இருக்கிறது என்று அறிவிப்பு மட்டும் வரும், எப்போது நிறுவுவது என்பது உங்கள் விருப்பம். மேக்கும் பெரும்பாலும் கேட்டுவிட்டே செய்யும். விண்டோசில் அப்டேட் பக்கத்தில் ‘ஆக்டிவ் அவர்ஸ்’ என்ற இடத்தில் உங்கள் வேலை நேரத்தைக் குறித்துவிட்டால் அந்த நேரத்தில் அது தானாக மறுதொடக்கம் ஆகாது. நாளொன்றுக்கு 18 மணி நேரம் வரை குறிக்கலாம். ஆய்வேடு சமர்ப்பிப்பது போன்ற நெருக்கடியான வாரங்களில் புதுப்பிப்பையே நிறுத்திவைக்கலாம், ஆனால் பிறகு மறக்காமல் நிறுவிவிடுங்கள்.

கேள்வி: விண்டோஸ் 11 இருக்கும் மடிக்கணினியில் அதை அழிக்காமல் லினக்சையும் வைத்துப் பார்க்க ஆசை. தரவு ஏதும் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. எப்படித் தொடங்குவது?
— மதுரை

பதில்: நிறுவாமலேயே தொடங்கலாம். 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் லினக்ஸ் மின்ட் அல்லது மற்றொரு லினக்ஸ் பதிப்பான உபுண்டுவை எழுதி, கணினியை அதிலிருந்து இயக்குங்கள். உங்கள் வன்தட்டைத் தொடாமல் முழு இயங்குதளமும் பென் டிரைவிலிருந்தே ஓடும். சற்று மெதுவாக இருக்கும், அதை வைத்து லினக்சின் வேகத்தை எடைபோட வேண்டாம். அந்த நிலையிலேயே வைஃபை பிடிக்கிறதா, ஒலி கேட்கிறதா, ஒளி கூட்டிக் குறைக்கும் விசைகள் இயங்குகின்றனவா, மூடியை மூடித் திறந்தால் கணினி விழிக்கிறதா, அச்சுப்பொறி வருகிறதா, கேமரா தெரிகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். மடிக்கணினிகளில் லினக்ஸ் தடுமாறும் இடங்கள் பெரும்பாலும் இவைதாம். கைரேகை உணரி இயங்காவிட்டால் வியப்படைய வேண்டாம். இவற்றில் உங்களுக்கு இன்றியமையாத ஏதேனும் இயங்கவில்லை என்றால், பென் டிரைவைக் கழற்றிவிட்டுப் பழையபடி விண்டோசுக்குத் திரும்பிவிடலாம்.

எல்லாம் சரியாக இருந்து, இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடிவு செய்தால், முதலில் விண்டோசுக்குள்ளேயே டிஸ்க் மேனேஜ்மென்ட் வழியாக விண்டோஸ் இருக்கும் பகுதியை (பார்ட்டிஷனை) சுருக்கி 50 முதல் 100 ஜிபி வரை இடம் ஒதுக்குங்கள். கோப்புகளை வெளி டிஸ்கில் படியெடுங்கள். அதற்கும் முன்னால், பலரும் தவறவிடும் ஒரு வேலை இருக்கிறது. விண்டோஸ் 11 மடிக்கணினிகள் பலவற்றில், நாம் கேட்காமலேயே வன்தட்டு பிட்லாக்கர் குறியாக்கத்தால் பூட்டப்பட்டிருக்கும். தொடக்க அமைப்பில் ஏதேனும் மாற்றினால், அடுத்த முறை விண்டோஸ் திறக்கும் முன் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அந்தச் சாவி பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கின் பக்கத்தில் சேமிக்கப்பட்டிருக்கும். கைப்பேசியில் அந்தப் பக்கத்தைத் திறந்து, சாவி அங்கே இருப்பதை உறுதிசெய்து, 48 இலக்கங்களையும் தாளில் எழுதிவைத்துக்கொண்ட பிறகே பென் டிரைவைச் செருகுங்கள்.